நாலு மணிக்கு ஒரு தரம் திருத்தினால் போதும்

புது வாட்ச் வந்த நான்காம் நாள் காலையில் என் மகளுக்கு போன் செய்தேன். "உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கம்மா. இது ஓட்டை வாட்ச். பில்லை எடுத்து வை, திருப்பிக் கொடுத்துடலாம்" என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு "சரிப்பா, கடையில கேட்டுப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாட்ச் இதோ இன்றைக்கும் என் இடது கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கோளாறும் இல்லை, அன்றைக்கும் இருக்கவில்லை. அவசரப்பட்டு நான் சொன்ன வார்த்தைதான் கோளாறு. ஆசையாக வாங்கிக் கொடுத்த பெண்ணின் மனம் அன்று முழுவதும் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. என்னைப் போல இன்னொருவர் அவசரப்படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். மெக்கானிக்கல் வாட்ச் என்பது தினமும் கொஞ்சம் தவறும் பொருள். "இது சரியாக ஓடுகிறதா?" என்று கேட்டால் எந்த மெக்கானிக்கல் வாட்சும் தேறாது. "தினமும் ஒரே அளவு தவறுகிறதா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியப் பத்து நாளாவது ஆகும். பத்து நாள் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எழுபது பிறந்ததற்காக மகள் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தாள். ஜப்பான் இயந்திரம் போட்ட ஆட்டோமேட்டிக் வாட்ச். "பேட்டரியும் வேண்டாம், சாவியும் கொடுக்க வேண்டாம்பா. கை ஆடினாலே தானா ஓடும்" என்று சொல்லிக் கையில் கட்டிவிட்டாள். பின்பக்கம் கண்ணாடி வைத்திருந்தது. அதற்குள் அரைவட்டமாக ஒரு தகடு ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பேரன் அதைப் பத்து முறை கேட்டு வாங்கிப் பார்த்தான்.

எனக்கு மெக்கானிக்கல் வாட்ச் புதிதல்ல. 1977-ல் ரயில்வேயில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது 1961-ல். நம் தலைமுறையில் முதல் சம்பளத்துக்கும் கல்யாணத்துக்கும் கைக்கு வந்தது பெரும்பாலும் அந்த வாட்ச்தான். தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும் சாவி கொடுப்பேன். சாவி இறுகி நின்றதும் கையில் கட்டிக்கொள்வேன். அது இத்தனை செகண்ட் முந்துகிறது, பிந்துகிறது என்று நான் ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. ரேடியோவில் செய்திக்கு முன் வரும் மணியைக் கேட்டுத் திருப்பி வைத்துக்கொள்வதோடு சரி.

பிறகு குவார்ட்ஸ் வந்தது. உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானில் செய்கோ கம்பெனி 1969 டிசம்பர் 25 அன்று வெளியிட்டது. நமக்கு அது வீட்டு வாசலுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில், டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய பிறகு. பேட்டரி போட்டால் போதும், மாதத்துக்கு ஏறக்குறைய 15 செகண்டுக்கு மேல் தவறாது. அதற்குப் பிறகு செல்போன் வந்தது. அது கோபுரத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்வதால் தவறுவதே இல்லை. இப்படி முப்பது வருஷம் பழகியதில், சாவி கொடுத்து வாழ்ந்த எனக்கே மெக்கானிக்கல் வாட்சின் குணம் மறந்துபோய்விட்டது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்சைச் சோதிக்க உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாளில் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு குற்றப்பத்திரிகையே எழுதிவிட்டேன். நாளுக்கு 22 செகண்ட் முந்துகிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் நின்றுபோயிருக்கிறது. தேதி நட்ட நடு மத்தியானம் மாறுகிறது. ராத்திரி பார்த்தால் கிழமை வேறு ஏதோ மொழியில் இருக்கிறது. கையை ஆட்டினால் உள்ளே எதுவோ உருளுகிறது. நேரத்தைத் திருப்பி வைத்துச் சாவியை அழுத்தினால் நிமிஷ முள் துள்ளுகிறது. ஆறு குற்றச்சாட்டு. அதற்கு மேல்தான் அந்த போன்.

போன் பேசிய அன்று சாயங்காலம், தாளையும் வாட்சையும் எடுத்துக்கொண்டு மெயின்கார்டுகேட் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் வாட்ச் ரிப்பேர் பாயிடம் போனேன். என் ஜனதாவைப் பல வருஷம் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தவர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியை எடுக்காமலே என் தாளை முழுக்கப் படித்தார்.

"சார், நீங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தீங்க. ஸ்டேஷன் கடிகாரத்தை யார் சரி பண்ணுவாங்க?"

"நாங்கதான் பாய். தினமும் நாலு மணிக்கு."

"தினமுமா? அப்ப அது கோளாறு கடிகாரமா சார்?"

எனக்குப் பதில் வரவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரயில்வேயின் பொது விதிகளில் நேரத்துக்கென்றே விதிகள் உண்டு. முக்கியமான ஆபீஸ்களுக்கும் ஸ்டேஷன்களுக்கும் தினமும் 16 மணிக்கு, அதாவது மாலை நாலு மணிக்கு, சரியான நேரம் அறிவிக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. வண்டி புறப்படும் முன் கார்டு தன் வாட்சை ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்தை டிரைவருக்குச் சொல்ல வேண்டும், அவரும் அதன்படி தன் வாட்சை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. முப்பத்தெட்டு வருஷம் இந்த விதிகளோடு வாழ்ந்தவன் நான். அவற்றின் அர்த்தம் எழுபது வயதில் ஒரு ரிப்பேர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. கடிகாரம் தவறவே கூடாது என்று ரயில்வே எதிர்பார்க்கவில்லை. தவறும் என்று தெரிந்தே, தினமும் ஒரு தரம் திருத்து என்று விதி வைத்தது. ஆயிரக்கணக்கான உயிர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளே அப்படித்தான் ஓடின. வேலையை விட்டு வந்தவன் கையில் இருக்கும் வாட்ச் 22 செகண்ட் முந்தினால் என்ன முழுகிவிடப் போகிறது?

பாய் என் ஆறு குற்றச்சாட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பிறகு நானும் வீட்டில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் உதவும்.

முதலில் அந்த 22 செகண்ட். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். அதில் 22 என்பது பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு. என் வாட்சில் உள்ள பேலன்ஸ் வீல் மணிக்கு 21,600 தடவை அடிக்கிறது. அதாவது செகண்டுக்கு 6, நாளுக்கு 5,18,400. ஒரு மெல்லிய ஹேர் ஸ்பிரிங், இத்தனை தடவை சுருங்கி விரிந்து, வெயிலிலும் குளிரிலும் கை ஆட்டத்திலும் இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்பதுதான் ஆச்சரியம். வாட்சோடு வந்த புத்தகத்தில் தேடினால் அங்கேயே போட்டிருக்கிறது: நாளுக்கு 45 செகண்ட் வரை முந்தலாம், 35 செகண்ட் வரை பிந்தலாம். நான் அதைப் படிக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்றிதழுக்காக 15 நாள் சோதிக்கப்படும் விலை உயர்ந்த இயந்திரங்களுக்கே நாளுக்குச் சராசரியாக 4 செகண்ட் பிந்தலாம், 6 செகண்ட் முந்தலாம் என்று சலுகை உண்டு.

ஆகவே செய்ய வேண்டியது இது. தினமும் ஒரே நேரத்தில், போனில் உள்ள நேரத்தோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசத்தை ஒரு டைரியில் எழுதுங்கள். இடையில் திருத்த வேண்டாம். பத்து நாள் கழித்துக் கணக்குப் பாருங்கள். என் வாட்ச் 20-க்கும் 24-க்கும் நடுவிலேயே நின்றது. அது நல்ல வாட்ச் என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு நாள் 5 செகண்ட், மறுநாள் 60 செகண்ட், அதற்கு மறுநாள் பிந்துகிறது என்று தாறுமாறாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சீராக 22 முந்தும் வாட்சை ரிப்பேர்காரர் உள்ளே ஒரு சின்ன நெம்புகோலை மயிரிழை நகர்த்தியே குறைத்துவிடலாம். தாறுமாறாக ஓடுவதை அப்படிச் சரிசெய்ய முடியாது.

இன்னொரு சின்ன வித்தை. வாட்சை ராத்திரி எந்த நிலையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும். என்னுடையது டயல் மேலே பார்த்திருக்கும்படி வைத்தால் முந்துகிறது. சாவி மேலே இருக்கும்படி பக்கவாட்டில் நிறுத்தினால் இரண்டு மூன்று செகண்ட் பிந்துகிறது. ஒவ்வொரு வாட்சுக்கும் இது வேறுபடும். நீங்களே நாலு ராத்திரி நாலு விதமாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பகலில் சம்பாதித்ததை ராத்திரியில் கொஞ்சம் செலவழிக்க வைக்கும் வழி இது.

இரண்டாவது, நின்றுபோனது. இதுதான் எனக்குப் பெரிய பாடம். "கை ஆடினாலே ஓடும்" என்றால், ஆடாவிட்டால் ஓடாது என்றும் அர்த்தம். முழுக்க இறுகிய ஸ்பிரிங் ஏறக்குறைய 40 மணி நேரம் தாங்கும். ஆனால் அது முழுக்க இறுகக் கை வேலை செய்ய வேண்டும். பாய் கேட்டார்: "பகல்ல என்ன சார் பண்றீங்க?" பேப்பர், டி.வி., சாப்பாடு, ஒரு தூக்கம், மறுபடி டி.வி. என்றேன். அவர் சிரித்துவிட்டு, "வாட்ச் பொய் சொல்லலை சார்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி, "டாக்டர் ரெண்டு வருஷமா நடங்க நடங்கன்னு சொல்றாரே, அவர் சொன்னா கேக்கலை. இப்ப வாட்சும் சொல்லியாச்சு. முதல்ல உங்களுக்குத்தான் சாவி கொடுக்கணும்" என்றாள். சர்க்கரை அளவைப் பற்றி அதற்கு முன் அவள் எத்தனையோ முறை சொல்லி நான் காதில் போட்டுக்கொள்ளாதது உண்மை.

இப்போது காலையில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். வாட்ச் நிற்பதில்லை. உடம்பு முடியாத நாளில், வாட்சைக் கழற்றிச் சாவியை இருபது முப்பது சுற்றுச் சுற்றிவிட்டுக் கட்டிக்கொள்கிறேன். ஆட்டோமேட்டிக் வாட்ச் பலவற்றில் இப்படிக் கையாலும் சாவி கொடுக்கலாம், சிலவற்றில் முடியாது. கொடுக்க முடிகிற ஆட்டோமேட்டிக்கில் ஜனதா மாதிரி கடைசியில் இறுகி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். அதனால் இன்னும் இறுகவில்லையே என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். கையில் சாவி கொடுக்கும் பழைய வகையில் மட்டும், இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, ஸ்பிரிங் தளர்ந்து நிற்கப் போகிற சமயத்தில் வேகமும் மாறும். அதனால் அரைகுறையாக ஓடும் வாட்சை வைத்து முந்துகிறது, பிந்துகிறது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, மத்தியானம் மாறும் தேதி. இது வாட்சின் குற்றமே இல்லை. முள் 12 மணியில் நிற்கும்போது அது பகலா ராத்திரியா என்று நமக்குத் தெரியாது, உள்ளே இருக்கும் சக்கரத்துக்குத்தான் தெரியும். நான் நேரம் வைத்தபோது அரை நாள் தள்ளி வைத்துவிட்டேன். முள்ளை முன்பக்கமாக 12 மணி நேரம் சுற்றினால் சரியாகிவிடும். சரியாக வைக்கும் வழி, தேதி மாறும் வரை முள்ளைச் சுற்றுவது. தேதி மாறினால் அது நடுராத்திரி. அங்கிருந்து எண்ணிக்கொண்டு இப்போதைய நேரத்துக்கு வர வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வாட்சில் இரவு ஒன்பது மணியிலிருந்து விடிகாலை நாலு மணி வரை காட்டும்போது, தேதியைச் சாவியால் தனியாக மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே பற்சக்கரம் தேதித் தட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். நாமும் தள்ளினால் பல் உடையலாம், தேதி பாதியில் நிற்கலாம். முள்ளை ஆறு மணிப் பக்கம் கொண்டுவந்துவிட்டுத் தேதியை மாற்றிப் பிறகு நேரம் வைப்பது பத்திரம். முப்பது நாள், இருபத்தெட்டு நாள் மாதங்களின் முடிவில் தேதியைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையைக் காலை காபிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வேற்று மொழிக் கிழமை. இந்த வாட்சில் கிழமை ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரே தட்டில் அச்சிட்டிருக்கிறது. நாம் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நடுராத்திரிக்குப் பிறகு தட்டு இரண்டு படி நகர வேண்டும். முதல் படியில் அடுத்த மொழி வரும், கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது படியில் நம் மொழிக்கு வந்துவிடும். பகலில் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் பாத்ரூம் போக எழுந்திருக்கும் நம் வயதுக்காரர்களுக்குத்தான் இந்தக் காட்சி கிடைக்கும்.

ஐந்தாவது, உள்ளே உருளும் சத்தம். அது பின்பக்கம் ஆடும் அரைவட்டத் தகடுதான். ரோட்டார் என்பார்கள். அதுதான் ஸ்பிரிங்கை இறுக்குகிறது. அமைதியான அறையில் மெலிதாகச் சுழலும் சத்தம் வருவது இயல்பு. தகடு ஒரு பக்கம் சுற்றும்போது மட்டுமே ஸ்பிரிங் இறுகும் வகையும் உண்டு. அதில் மறுபக்கம் தகடு தடையில்லாமல் வேகமாகச் சுழன்று கையையே அதிர வைக்கும். அதுவும் இயல்புதான். உலோகம் உலோகத்தில் உரசுகிற மாதிரியோ, ஒரு திருகு கழன்று ஆடுகிற மாதிரியோ டக் டக்கென்று கேட்டால் அது வேறு விஷயம்.

ஆறாவது, துள்ளும் நிமிஷ முள். பற்சக்கரங்களுக்கு இடையில் சற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சுற்றாது. அந்த இடைவெளியால்தான் முள் கொஞ்சம் அசைகிறது. நான் இப்போது வேண்டிய நேரத்துக்கு நாலைந்து நிமிஷம் பின்னால் நிறுத்தி, மெதுவாக முன்பக்கம் நகர்த்திக்கொண்டு வந்து, அலுங்காமல் சாவியை அழுத்துகிறேன். துள்ளல் போய்விட்டது.

இந்த ஆறும் முடிந்து நிம்மதியாக இருந்தபோது, இரண்டாவது மாதம் ஏழாவது ஒன்று வந்தது. திடீரென்று ஒரே நாளில் ஆறு நிமிஷம் முந்தியது. டைரியில் எழுதிவந்ததால் உடனே தெரிந்தது. இந்தத் தடவை மகளுக்கு போன் செய்யவில்லை, நேரே பாயிடம் போனேன். ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து வாட்சின் பக்கத்தில் வைத்தார். முள் வெடுக்கென்று திரும்பியது. "ராத்திரி வாட்சை எங்க சார் வைக்கிறீங்க?" சுப்ரபாதம் போடும் பாட்டுப் பெட்டியின் மேல். அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரின் காந்தம் ஹேர் ஸ்பிரிங்கில் ஏறிவிட்டது. காந்தம் ஏறினால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். நீளம் குறைந்தது போலாகி வேகமாக அடிக்கும். ஒரு சிறிய பெட்டியின் மேல் வாட்சை வைத்துப் பொத்தானை அழுத்தி மெதுவாக விலக்கினார். அரை நிமிஷ வேலை. மறுநாள் பழைய 22-க்கே வந்துவிட்டது. ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் உறை, காந்த மூடி போட்ட கைப்பை, பிரிட்ஜ் கதவு, இவற்றின் பக்கத்தில் வாட்சை வைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான பழுதும் உண்டு. கண்ணாடிக்குள் பனி படிந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள். ஈரம் உள்ளே போனால் துருதான். முழுக்கச் சாவி கொடுத்தும் அடிக்கடி நின்றால், தேதி பாதியில் சிக்கி நின்றால், முட்கள் ஒன்றோடொன்று உரசினால், காந்தம் எடுத்த பிறகும் நிமிஷக் கணக்கில் முந்தினால், பத்து நாள் கணக்கு தாறுமாறாக இருந்தால், அது நிச்சயம் கேரண்டியில் பார்க்க வேண்டியது. பில்லையும் கடை முத்திரை போட்ட கேரண்டி கார்டையும் பத்திரப்படுத்துங்கள். கேரண்டி இருக்கும்வரை வெளி ஆளிடம் பின்மூடியைத் திறக்கக் கொடுக்காதீர்கள். திறந்தால் கேரண்டி போய்விடும். என் பாயும் அதனால்தான் கடைசிவரை மூடியைத் திறக்கவே இல்லை. அரை மணி நேரம் பேசியதற்குக் காசும் வாங்கவில்லை.

டைரி எழுதச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். "வாட்ச் சரியில்லை" என்று சொல்லும் கிழவரைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். "பத்து நாளில் இன்னின்ன தேதியில் இத்தனை செகண்ட்" என்று தாளை நீட்டினால் உட்காரச் சொல்லிக் கேட்பார்.

கடைக்காரர்களுக்கும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். "நாளுக்கு இத்தனை செகண்ட் தவறும், நடக்காவிட்டால் நின்றுபோகும், ராத்திரியில் தேதியை மாற்றாதீர்கள்" என்று மூன்று வாக்கியம் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. "ஓடிக்கிட்டே இருக்கும் மேடம்" என்று மட்டும் சொல்லி என் மகளிடம் விற்றிருக்கிறார்கள். கூடவே வந்த புத்தகத்தில் பல மொழிகள் இருக்கின்றன, எழுத்து எறும்பு அளவு. தமிழ் இல்லை. வாங்குகிறவர் குவார்ட்ஸும் போனும் மட்டுமே பார்த்தவர், கட்டிக்கொள்கிறவர் பழசை மறந்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நல்ல பொருள் கெட்ட பெயர் வாங்குகிறது.

நூறு ரூபாய் குவார்ட்ஸே இதைவிடச் சரியாக நேரம் காட்டும்போது இது எதற்கு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நேரம் மட்டும் வேண்டுமென்றால் இது வேண்டாம். என்னைக் கேட்டால், நான் நடந்தால் இதுவும் நடக்கிறது, நான் உட்கார்ந்தால் இதுவும் உட்காருகிறது. இந்த வயதில் அப்படி ஒன்று கையில் இருப்பது எனக்குப் பயன்படுகிறது.

மகளிடம் அன்று ராத்திரியே மறுபடி பேசினேன். "தப்பு என் மேலதாம்மா, வாட்ச் நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் அதற்குள் கடைக்குப் பேசி, மாற்றித் தர அவர்களைச் சம்மதிக்க வைத்து, மறுநாள் ஆபீசுக்கு லீவும் சொல்லியிருந்தாள். "நிஜமா நல்லா இருக்காப்பா, எனக்காகச் சொல்றீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஏழு வருஷ டி.வி. நின்றபோதுகூட நான் இவ்வளவு அவசரமாகக் கம்ப்ளைன்ட் செய்ததில்லை. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததில் குறை சொல்ல மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு வேகம் வருகிறதோ தெரியவில்லை.

இப்போது தினமும் மாலை நாலு மணிக்கு, பழைய பழக்கப்படி, போனையும் வாட்சையும் ஒத்துப் பார்த்து டைரியில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் திருத்தி வைக்கிறேன். நாலேகாலுக்கு மகளிடமிருந்து போன் வரும். முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை செகண்ட்பா?" இரண்டாவது கேள்வி, "நடந்தீங்களா?"